மிதித்த தடம்

தேரிக்காட்டில் மண் சிவப்பு. மண் என்பது மரியாதைக்குச் சொல்வது. எல்லாம் மணல். ஆடிக் காற்று அடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். நேற்றைய வழி இன்று இருக்காது.

அதன் நடுவே ஒரு மடம். பெரிய மடமெல்லாம் இல்லை. இரண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, ஒரு சமையல் கொட்டகை. நடத்துகிறவர் பிரம்மசக்தி அம்மாள். ஐம்பதைத் தாண்டியவர். ஞானம் கேட்டு வருகிறவர்களை முதலில் விறகு உடைக்கச் சொல்வார். பாதிப் பேர் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிடுவார்கள்.

ஆறுமுகநயினார் ஏறவில்லை. பாளையங்கோட்டையில் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த சீடர். இதில் அவருக்கு வெட்கமும் இல்லை, அம்மாளுக்குப் பெருமையும் இல்லை. அம்மாள் அவரை வாத்தியாரே என்று கூப்பிடுவார். அவர் அம்மா என்பார். போதுமே.

புதிதாக வருகிறவருக்கு மடத்தில் சொல்லித்தரும் முதல் விஷயம் மந்திரம் இல்லை. நடை.

தேரியில் உடைமரம் அதிகம். குடை விரித்த மாதிரி நிற்கும். அடியெல்லாம் முள். மணலுக்குள் புதைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் வரிசையாகப் போக வேண்டும். முன்னால் போகிறவர் மிதித்த குழியிலேயே பின்னால் வருகிறவர் மிதிக்க வேண்டும். முன்னவர் காலில் முள் ஏறவில்லை என்றால் நம் காலிலும் ஏறாது. அவ்வளவுதான் தத்துவம்.

நயினார் செருப்புப் போட்டு நடப்பவர். உடைமுள் செருப்பையும் துளைக்கும். ஆகவே செருப்போடும் அதே நடை. சீக்கிரம் பழகிவிட்டார். கிணற்றடிக்குத் தனியாகப் போனால்கூட, யாரோ மிதித்த குழி இருந்தால் அதில்தான் கால் வைப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். இந்த வயதில் ஒன்று வந்திருக்கிறதே என்று அவருக்கு உள்ளூர சந்தோஷம்.

அன்று மற்றவர்கள் உடன்குடிச் சந்தைக்குப் போயிருந்தார்கள். சாப்பாடு முடிந்து, கண்ணயர்ந்து, எழுந்த நேரம். அம்மாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து சுரைக்காய் அரிந்துகொண்டிருந்தார். நயினார் எதிரில் வந்து நின்றார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"உக்காந்து கேளுங்க. வெளிச்சத்தை மறைக்கீங்க."

உட்கார்ந்தார்.

"முப்பது வருசத்துக்கு மேல ஒரு வினைச்சொல்லைப் போர்டுல எழுதிப் போட்டேன். லேர்ன். கத்துக்கோ. பிள்ளைகளைப் பாத்து லேர்ன், லேர்ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அது என்ன செயல்னு எனக்கே தெரியாதுங்கறது ரிட்டயர் ஆன பிறகுதான் உறைச்சுது."

"அதுல தெரிய என்ன இருக்கு?"

"சாப்பிடுறவன் மெல்லுறான். தூங்குறவன் கண்ணை மூடுறான். கத்துக்கிறவன் என்ன செய்யுறான்? பாத்தா சும்மா உக்காந்திருக்கான்."

அம்மாள் அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாத்தான் கேக்கீங்க. அகராதி என்ன சொல்லுது?"

"அதையும் தேடிப் பாத்துட்டேன். அந்தச் சொல்லோட வேர் ரொம்பப் பழசு. தடம்னு அர்த்தம். ஆள் நடந்து போன தடம், ஏர் கீறிப் போன தடம். அதைப் பிடிச்சுக்கிட்டே போறதுதான் லேர்ன். செருப்புத் தைக்கிறவங்க மரத்துல ஒரு கால் அச்சு வச்சிருப்பாங்களே, அதுக்கு இங்கிலீஷ்ல லாஸ்ட்னு பேரு, அதுவும் அந்த வேர்ல முளைச்சதுதான்."

"பிறகென்ன? பதில் கிடைச்சுட்டே."

"சொல்லுக்குக் கிடைச்சுது. செயலுக்குக் கிடைக்கல."

அம்மாள் சுரைக்காயின் விதையைத் தனியே ஒதுக்கினார். 

நயினாருக்கு இன்னும் சொல்ல இருந்தது. வாத்தியார்களுக்கு எப்போதும் இருக்கும்.

"அதே வேர்ல இன்னொண்ணும் இருக்கும்மா. டிலிரியம். லத்தீன்காரன் குடுத்தது. உழுதுகிட்டு இருக்கும்போது ஏர், சால் தப்பி, அதான் உழுத கோட்டை விட்டு, வெளியே போயிடுது பாருங்க, அது. புத்தி பேதலிச்சவங்களுக்கு அந்தப் பேரை வச்சுட்டான். தடத்தைப் பிடிச்சா படிப்பு. தடத்தை விட்டா பேதலிப்பு. ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைக."

சொல்லும்போது அவர் கண் எதிர்க் கட்டடத்துக்குப் போய் வந்தது. அங்கே அய்யா படுத்திருப்பார். அம்மாளுக்குக் குரு. வேலாயுதப்பெருமாள் என்று பேர், எல்லாருக்கும் அய்யா. எண்பது தாண்டியவர். கொஞ்ச காலமாக நினைவு சரியில்லை. பெரும்பாலும் கட்டில்தான். அம்மாளையே யார் என்று கேட்பார்.

"அய்யாவையா சொல்லுதீங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொல்லுதவருக்குக் கண்ணு ஏன் அங்கன போகுது?"

நயினார் பதில் தேடுவதற்குள் சமையல் செய்யும் பொன்னுக்கனி ஓடி வந்தாள். கையில் கஞ்சிச் செம்பு.

"யம்மா, அய்யாவக் காணோம். கட்டில் காலியாக் கெடக்கு."

"கிணத்தடி பாத்தியா?"

"பாத்துட்டேன். தொழுவம், கக்கூஸ், எல்லாம் பாத்துட்டேன்."

"கடைசியா எப்பப் பாத்த?"

"உச்சிக்குச் சோறு குடுத்தேன். ரெண்டு வாய் தின்னாவ. வீட்டுக்குப் போணும், வீட்டுக்குப் போணும்னாவ. என்னைக்கும் சொல்லுததுதானேன்னு விட்டுட்டேன் யம்மா." அழ ஆரம்பித்தாள்.

அம்மாள் அரிவாள்மனையை மடக்கினார். வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. மணல் ஆறவில்லை. அந்த வயது, அந்த வெயில், கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"அழுகைய நிப்பாட்டு. நீ ரோட்டுப் பக்கம் போ. பனையேறிக இருந்தாக் கூப்பிடு. நாங்க தேரிப் பக்கம் பாக்கோம்."

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் பின்வாசலுக்கு வந்தார்கள்.

தடம் இருந்தது. அய்யாவின் தடம்தான், சந்தேகமில்லை. ஒரு குழி. இன்னொரு குழி. அதன் பின்னால் ஒரு கோடு. அய்யா இடது காலை இழுத்து நடப்பார். அந்தக் கோடு வேறு யாருக்கும் கிடையாது.

"இருக்கும்மா! தடம் இருக்கு!"

நயினார் முன்னால் பாய்ந்தார். இவ்வளவு நேரம் வாயால் பேசிய விஷயம் மணலில் எழுதிக் கிடந்த மாதிரி இருந்தது அவருக்கு. அவர் முன்னால், அம்மாள் பின்னால். காற்று மணலை வாரி முகத்தில் போட்டது.

"சீக்கிரம் போங்க. காத்து மூடிரும்."

சீக்கிரம் போனார்.

தடம் நேராகப் போகவில்லை. ஒரு உடைமரத்தடிக்குப் போயிற்று. அங்கிருந்து இடது பக்கம் வெட்டி இன்னொரு உடைமரத்தடி. பிறகு வலது பக்கம். சுத்தமான மணல் எதிரே கிடக்க, முள் கொட்டிக் கிடக்கும் இடமாகப் பார்த்துப் பார்த்துப் போயிருந்தது. ஒரு மரத்தை முழுசாகச் சுற்றி வேறு வந்திருந்தது.

"பாருங்கம்மா," நயினார் மூச்சு வாங்கச் சொன்னார். "இது நடையா? வெயில்ல, முள்ளுக்குள்ளயே போயிருக்காவ. நான் சொன்னேன்ல? சால் தப்பின நடை."

"வாயைக் குறைங்க. காலை எட்டிப் போடுங்க."

மேடு வந்தது. ஏறினார்கள். உச்சியில் தடம் இல்லை. காற்று வழித்து எடுத்திருந்தது. மூன்று பக்கமும் சரிவு. சரிவெல்லாம் மணல், அங்கங்கே மரம். ஆள் இல்லை.

"அய்யா!"

காற்று குரலை வாய்க்குள்ளேயே திருப்பித் திணித்தது.

அம்மாள் கேட்டார். "கடைசியா எந்தப் பக்கம் பாத்துத் திரும்பியிருந்தாவ?"

"கவனிக்கல. இருங்க, பாத்துட்டு வாறேன்."

நயினார் வந்த வழியே இறங்கினார். குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தார். இன்னும் கொஞ்சம். அப்படியே நின்றுவிட்டார்.

கோடு இல்லை. இழுத்த காலின் கோடு எங்கேயும் இல்லை. குழிகள்தான் இருந்தன. ஆழமான, உருவமில்லாத, ஒரே வரிசைக் குழிகள். எது வலது, எது இடது, எங்கே நின்றது, எங்கே திரும்பியது, ஒன்றும் சொல்ல முடியாது.

முன்னவர் மிதித்த குழியிலேயே மிதி. மிதித்திருந்தார். பின்வாசலிலிருந்து மேடு வரைக்கும், ஒன்று விடாமல்.

அம்மாள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"தடம் எங்க வாத்தியாரே?"

"மிதிச்சுட்டேன்."

அம்மாள் குழிகளைப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"ஆமா. மிதிச்சாச்சு."

"பழக்கம்மா. கால் அதுபாட்டுக்குப் போய்..."

"அதுக்கெல்லாம் பிறகு அழுவோம். அய்யா எங்க?"

நயினார் மேட்டைக் காட்டினார். "மூணு சரிவு இருக்கு. நான் ஒரு பக்கம் போறேன். நீங்க ஒரு பக்கம்."

"மூணாவது பக்கம் யாரு போறா? உங்க அகராதியா?"

 அம்மாள் அவர் காலைப் பார்த்தார்.

"செருப்பைக் கழத்துங்க."

"இப்பவா?"

"அய்யா செருப்புப் போட்டா போனாவ?"

"இல்ல."

"அவுக காலு கட்டில்லயே கெடந்து கெடந்து குழந்தைக் காலு மாதிரி ஆயிட்டு. என் காலு காய்ச்சுப் போன காலு, நெருப்புல நின்னாலும் தெரியாது. உங்க காலுதான் இப்ப ஆவும். கழத்துங்க."

கழற்றினார். ஒரு அடி வைத்தார். அடுத்த அடி வைத்தார்.

"யம்மாடி!"

ஓடினார். எங்கே ஓடுகிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. கால் ஓடியது. உடைமரத்தின் நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது. அதற்குள் போய் நின்று, ஒரு காலை மற்ற காலில் தேய்த்தார்.

அம்மாள் வெயிலில் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஏன் அங்கன போனீங்க?"

"சுடுதும்மா!"

"சுட்டா? அங்கன என்ன வச்சிருக்கு?"

"நிழல்!"

 நிழலுக்குள் நின்றபடி மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். குழிகள் அந்தத் தூரை ஒட்டிப் போயிருந்தன. அங்கே இப்போது வெயில் அடித்தது. நிழல் அங்கே இல்லை. கிழக்கே தள்ளி, அவர் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தது.

"உச்சியில போயிருக்காவ," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "உச்சி வெயில்ல நிழல் மரத்துக்கு நேர் கீழ விழும். முள்ளைத் தேடிப் போகல. நிழல் விட்டு நிழலுக்குப் போயிருக்காவ. நாம வரும்போது நிழல் எந்திரிச்சுப் போயிட்டு."

"சுத்தி வந்தாவளே ஒரு மரத்தை?"

"அடுத்த நிழல் எது பக்கம்னு பாத்திருப்பாவ."

அம்மாள் பாட்டிலை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

நயினார் பல்லைக் கடித்துக்கொண்டு மேடு ஏறினார். இந்தத் தடவை மணலைப் பார்க்கவில்லை. மரங்களைப் பார்த்தார். இடது சரிவில் பனைகள் நின்றன. பனைக்கு உச்சியில் நிழல் ஏது? ஒரு முறம் அகலம் விழுந்தால் அதிகம். நேர் எதிரே ஒரு உடைமரம், நல்ல குடை, ஆனால் தூரம். வலது சரிவின் அடியில் ஒரு முந்திரி மரம், கிளைகள் தரையைத் தொட்டுக் கிடந்தன. கால் தாங்கவில்லை. மாற்றி மாற்றி வைத்தார். இந்தக் காலோடு எது வரைக்கும் போக முடியும்?

"முந்திரி," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

பள்ளத்தில் காற்று இல்லை. முந்திரி மரத்தடியில் சருகு கலைந்திருந்தது. சருகுக்கு அந்தப் பக்கம் மணல். மணலில் ஒரு குழி. இன்னொரு குழி. கோடு.

நயினார் காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே பின்னுக்கு எடுத்தார். தடத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார்.

முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு நடந்தார்.

அம்மாள் தடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி நடந்து வந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அய்யாவின் கோடு போய்க்கொண்டிருந்தது. காற்று அழித்த இடங்களில் நின்று, அடுத்த மரத்தைக் கண்ணால் பிடித்துப் போனார்கள். ஒரு இடத்தில் தவறான மரம். திரும்பி வந்து வேறு மரத்துக்குப் போனார்கள். அங்கே கோடு இருந்தது.

கடைசியில் ஒரு பெரிய முந்திரி. அதற்கு அப்பால் மரமே இல்லை. கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் சிவப்பு மணல்.

அய்யா அங்கே இருந்தார். மரத்தடியில் இல்லை. மரத்தின் நிழல் எது வரைக்கும் போயிருந்ததோ அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார். தூரிலிருந்து அது வரைக்கும் மணலில் வரிசையாகப் பள்ளம். நிழல் நகர நகர உட்கார்ந்தபடியே அதோடு நகர்ந்து வந்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது.

அம்மாள் மண்டியிட்டு உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி உதட்டை நனைத்தார். வாயில் கொஞ்சம் விட்டார். அய்யா விழுங்கினார். பிறகு பாட்டிலைப் பிடுங்கப் பார்த்தார்.

"மெள்ள அய்யா. மெள்ள."

"நீ யாரு பிள்ள?"

"நான் பிரம்மசக்தி."

"எந்த ஊரு?"

"இந்த ஊருதான்யா. குடிங்க."

குடித்தார். நயினார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாதங்களைப் பார்த்தார். கொப்புளம் இருந்தது. நினைத்த அளவு இல்லை. தன் பாதத்தில் அதைவிட அதிகம்.

"ஏன் அய்யா இங்கயே உக்காந்துட்டீங்க?"

அய்யா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு ஆளா என்பது போல. எதிரே இருந்த வெட்டவெளியைக் கையால் காட்டினார்.

"அங்க நிழல் இல்லல்லா? சாயங்காலம் இது நீளும். பிறகு போவேன். உமக்குக் கண்ணு தெரியாதா?"

நயினார் நிழலின் நுனியைப் பார்த்தார். நீண்டுகொண்டுதான் இருந்தது.

அய்யாவை அவர் முதுகில் ஏற்றிக்கொண்டார். ஆள் கனமே இல்லை. வீட்டுக்குத்தானே என்று அய்யா கேட்டார். வீட்டுக்குத்தான் என்றார் அம்மாள். வெயில் இறங்கி, மணல் ஆற ஆரம்பித்திருந்தது. கொஞ்ச தூரத்தில் அய்யா தூங்கிவிட்டார். மூச்சு நயினாரின் காதோரம் ஒழுங்காக வந்து போனது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"வேண்டாம்னா விடவா போறீங்க?"

"பின்வாசல்ல இருந்து நான் அய்யா தடத்துலயே மிதிச்சுக்கிட்டு வந்தேன். நீங்க என் பின்னாலயே வந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்."

அம்மாள் வழியில் கிடந்த முள் கிளையைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தார்.

"எனக்குப் புரிஞ்சுதும்மா. கேள்வி கேட்டேன். பதிலை நானே பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டீங்க. சோதனை."

அம்மாள் நின்றார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. நயினார் அதுவரை அதைப் பார்த்ததில்லை.

"வாத்தியாரே, அய்யா செத்திருப்பாவ. அதை வச்சு ஒருத்தி பாடம் நடத்துவாளா?"

"பின்ன ஏன் சொல்லல?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லுவேன்? நான் அய்யா தடத்தை எங்க பாத்தேன்? உங்க காலைப் பாத்துக்கிட்டு, நீங்க மிதிச்ச குழியில மிதிச்சுக்கிட்டு வந்தேன். கோட்டைக் காணோம்னு நீங்க அங்கன நின்னீங்கல்லா, அப்பத்தான் எனக்கும் தெரிஞ்சுது."